தழும்பு இல்லாத ஆபத்து: குடும்ப வன்முறையில் கழுத்து நெரிப்பை அறிவதும் எதிர்கொள்வதும்

புதுடெல்லி: குடும்ப வன்முறை குறித்த புகார் மனுக்களில் "கழுத்தைப் பிடித்தார்", "தொண்டையை அழுத்தினார்", "மூச்சு விட முடியவில்லை" போன்ற சொற்கள் பல நேரங்களில் அறை, உதை, வசவு ஆகியவற்றுக்கு நடுவே ஒற்றை வரியாக மட்டுமே இடம்பெறுகின்றன. கழுத்தில் காயம் எதுவும் கண்ணுக்குத் தென்படாவிட்டால், அந்த வரியும் சிறு தாக்குதலாகவே கருதப்பட்டுவிடுகிறது. ஆனால், ஒரு பெண்ணின் கழுத்தைக் கணவரோ துணைவரோ ஒருமுறை நெரித்திருந்தாலும் அது மருத்துவ அவசரநிலை ஆகும். அத்துடன், அதே நபரால் அப்பெண் பிற்பாடு கொல்லப்படக்கூடும் என்பதற்கான வலுவான எச்சரிக்கையும் அதுவே என ஆய்வுகள் கூறுகின்றன.

இந்த ஆபத்தை எவ்வாறு இனங்காண்பது, மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் எவற்றைப் பதிவு செய்ய வேண்டும், இந்தியச் சட்டங்கள் தரும் பாதுகாப்பு என்ன என்பன குறித்த விவரங்கள் வருமாறு:

கழுத்து நெரிப்பு என்பது எது?

கழுத்துக்கு வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, மூளைக்கான இரத்த ஓட்டத்தையோ நுரையீரலுக்கான காற்றையோ தடுப்பதே கழுத்து நெரிப்பு. இரு கைகளாலும் அழுத்துவது மட்டுமே நெரிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்துவது, பின்னாலிருந்து முழங்கையை வளைத்துக் கழுத்தை இறுக்குவது, துப்பட்டா, சேலைத் தலைப்பு, கயிறு, மின்கம்பி, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றால் இழுப்பது, கீழே தள்ளிக் கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றுவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வாயையும் மூக்கையும் தலையணையால் பொத்துவதும், மார்பின்மேல் அமர்ந்து மூச்சை அடைப்பதும் இதே அளவு ஆபத்தானவை.

பாதிக்கப்பட்ட பெண்கள் "நெரித்தார்" என்ற சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. "கழுத்தில் கை வைத்தார்", "குரல்வளையைப் பிடித்தார்", "கண் இருட்டிக்கொண்டு வந்தது" என்றே சொல்வார்கள். எனவே, மருத்துவரோ காவலரோ ஆலோசகரோ "உங்கள் கழுத்தை நெரித்தாரா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்ற விடை வரக்கூடும். "கழுத்தில் கை வைத்தாரா? கழுத்தை எதனாலாவது இறுக்கினாரா? மூச்சு விடச் சிரமமாக இருந்ததா?" என்று தனித்தனியாகக் கேட்பதே சரியான முறை.

சில நொடிகளில் நடப்பது என்ன?

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனிகளும், மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளும் தோலுக்கு அருகிலேயே அமைந்துள்ளன. தடயவியல் பயிற்சிகளில் குறிப்பிடப்படும் அளவுகளின்படி, சிரைகளை அடைக்கச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 பவுண்டு அழுத்தமும், தமனிகளை அடைக்கச் சுமார் 11 பவுண்டு அழுத்தமும் போதுமானவை. மூச்சுக்குழாயை அடைப்பதற்கோ 33 பவுண்டு அளவுக்கு அழுத்தம் தேவைப்படுகிறது. அதாவது, மூச்சுக்குழாய் முழுவதும் அடைபடாத நிலையிலும் மூளைக்கான இரத்த ஓட்டம் நின்றுவிடலாம். தாக்கப்பட்டவரால் பேச முடிந்தது, கத்த முடிந்தது என்பதால் உயிருக்கு ஆபத்து இருக்கவில்லை என்று முடிவு செய்வது தவறு.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள இளைஞர்களின் கழுத்தைச் சுற்றி அழுத்தப் பட்டை பொருத்தி மூளைக்கான இரத்த ஓட்டம் திடீரென நிறுத்தப்பட்டது. அவர்கள் 5 முதல் 11 நொடிகளுக்குள் நினைவிழந்தனர். அழுத்தம் நீடித்தால் சில நிமிடங்களில் மரணம் நேரும். உயிர் பிழைத்தவர்களுக்கும் மூளை உயிரணுக்களில் பாதிப்பு எஞ்சக்கூடும். ஒரே பெண் பலமுறை நெரிக்கப்படும்போது இந்தப் பாதிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. மறதி, கவனக்குறைவு, தொடர் தலைவலி, மனச்சோர்வு ஆகியவை அதன் விளைவுகளாக இருக்கலாம்.

தழும்பு தெரியாதது ஏன்?

கழுத்தின் முன்புறம் மென்மையான திசுக்களால் ஆனது. விரல்களின் அழுத்தம் பரவலாக விழும்போது தோலின் மேற்பரப்பில் அடையாளம் பதியாமலேயே உள்ளே காயம் ஏற்படலாம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் காவல்துறையிடம் வந்த 300 கழுத்து நெரிப்புப் புகார்களை ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, இத்துறையில் இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி, பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் இல்லை. மேலும் 35 சதவீதம் பேருக்கு இருந்த காயங்கள் புகைப்படத்தில் பதிவாகாத அளவுக்குச் சிறியவை.

மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் சிவப்புத் தடங்களும் கன்றிய காயங்களும் மேலும் மங்கலாகவே தெரியும் என்பது இந்தியச் சூழலில் கவனிக்கத்தக்கது. சில காயங்கள் ஓரிரு நாள்கள் கழித்தே வெளியே தெரியத் தொடங்கும். ஆகவே, முதல் பரிசோதனையில் "வெளிக்காயம் இல்லை" என்று எழுதப்பட்டால், அதைக் கழுத்து நெரிக்கப்படவில்லை என்பதற்கான சான்றாகக் கொள்ள இயலாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தழும்பைத் தேடுவதைக் காட்டிலும் பின்வரும் அறிகுறிகளைக் கேட்டறிவது இன்றியமையாதது:

• குரல் கரகரப்பு, குரல் மாற்றம் அல்லது பேச இயலாமை
• எச்சில் விழுங்கும்போது வலி, தொண்டையில் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வு
• மூச்சுத் திணறல், இடைவிடாத இருமல், மூச்சு விடும்போது ஓசை
• கண் இருட்டுதல், பார்வை மங்குதல், காதில் இரைச்சல்
• நினைவிழப்பு, நடந்தவற்றில் ஒரு பகுதி நினைவில் இல்லாமை
• தாக்குதலின்போது தன்னையறியாமல் சிறுநீர் அல்லது மலம் வெளியேறுதல்
• கண்ணின் வெண்பகுதியில் இரத்தக்கசிவு. இமைகள், காதின் பின்புறம், உச்சந்தலை, வாயின் உட்புறம் ஆகியவற்றில் ஊசிமுனை அளவிலான செம்புள்ளிகள்
• தாடைக்குக் கீழும் கழுத்திலும் நகக்கீறல்கள்
• கடும் தலைவலி, கழுத்து வலி, தலைசுற்றல், வாந்தி
• முகம் ஒருபுறம் கோணுதல், கை கால்களில் பலவீனம், பேச்சுக் குழறல்

இவற்றில் இரண்டு அறிகுறிகள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை. கழுத்தில் உள்ள நகக்கீறல்கள் பல நேரங்களில் அப்பெண்ணின் நகங்களால் ஏற்பட்டவையாகவே இருக்கும். நெரிக்கும் கையை விலக்க முயலும்போது அவை உண்டாகின்றன. அவ்வாறே, தற்காப்புக்காக அவர் கடித்ததாலும் கீறியதாலும் கணவரின் கையிலும் முகத்திலும் காயங்கள் இருக்கலாம். பெண்ணின் உடலில் காயமில்லை, கணவரின் உடலில் காயம் உண்டு என்பதை மட்டும் வைத்து, தாக்கியவர் யார் என்பதைக் காவல்துறை தலைகீழாக முடிவு செய்துவிடும் ஆபத்து இங்கு உள்ளது.

மற்றொன்று, தன்னையறியாமல் சிறுநீர் கழிந்தது. வெட்கத்தால் பெரும்பாலானோர் இதைத் தாமாகச் சொல்வதில்லை. மூளை ஆக்சிஜன் இன்றித் தவித்ததைக் காட்டும் முக்கிய அடையாளங்களுள் இதுவும் ஒன்று என்பதால், மருத்துவர் தனிமையில், மரியாதையுடன் கேட்டறிய வேண்டும்.

கொலைக்கு முந்தைய எச்சரிக்கை

கழுத்தை நெரிப்பவர் பெரும்பாலும் அதைக் கொல்வதற்காக மட்டும் செய்வதில்லை. "உன் உயிர் என் கையில் இருக்கிறது" என்பதை உணர்த்தி, பெண்ணைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்காகவும் செய்கிறார். எனினும், அந்த எல்லையை ஒருமுறை தொட்டவர் மீண்டும் தொடுவதற்கான வாய்ப்பு அதிகம். அமெரிக்க ஆய்வாளர் நான்சி கிளாஸ் தலைமையிலான குழு 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண், கொலை முயற்சிக்கு ஆளாகும் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேலாகவும், கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேலாகவும் அதிகரிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்காக 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில், பெண்ணுக்கு உள்ள உடனடி ஆபத்தை மதிப்பிட ஆறு கேள்விகள் தரப்பட்டுள்ளன. கடந்த ஆறு மாதங்களில் வன்முறை அடிக்கடி நிகழ்கிறதா அல்லது கடுமையாகியுள்ளதா, ஆயுதத்தைப் பயன்படுத்தினாரா அல்லது காட்டி மிரட்டினாரா, கழுத்தை நெரிக்க முயன்றாரா, உங்களைக் கொன்றுவிடக்கூடும் என்று நம்புகிறீர்களா, கர்ப்ப காலத்தில் அடித்தாரா, எப்போதும் மூர்க்கமான சந்தேகத்துடன் நடந்துகொள்கிறாரா என்பன அவை. இவற்றில் மூன்றுக்கேனும் "ஆம்" என்ற விடை வந்தால், அப்பெண் மிகுந்த ஆபத்தில் இருப்பதாகக் கருத வேண்டும் என்கிறது அக்கையேடு.

இந்தியாவில் நிலவரம்

2019-21 காலகட்டத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்துள்ளனர். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 14 சதவீதம் பேர் மட்டுமே உதவி நாடியுள்ளனர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 4,45,256 வழக்குகள் பதிவாகியுள்ளன. அவற்றில் 31.4 சதவீதத்துடன் முதலிடம் பெறுவது கணவர் அல்லது அவரது உறவினர்களின் கொடுமையே.

ஆனால், இவற்றில் எத்தனை நிகழ்வுகளில் கழுத்து நெரிக்கப்பட்டது என்பது இந்தப் புள்ளிவிவரங்களில் தனியே வெளிப்படுவதில்லை. குடும்ப நல ஆய்வின் வினாப்பட்டியலில், "கழுத்தை நெரிக்கவோ வேண்டுமென்றே தீயால் சுடவோ முயன்றாரா" என்பது ஒரே கேள்வியாக உள்ளது. காவல்துறைப் பதிவுகளோ சட்டப்பிரிவின் அடிப்படையில் தொகுக்கப்படுகின்றன. கழுத்து நெரிப்புக்கெனத் தனிப்பிரிவு இல்லாததால், அந்தச் செயல் கொடுமை, காயம் விளைவித்தல் ஆகிய தலைப்புகளுக்குள் மறைந்துவிடுகிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

கழுத்து நெரிக்கப்பட்ட ஒருவர், "இப்போது பரவாயில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும். தொண்டையின் உட்புற வீக்கம் பல மணி நேரம் கழித்தும் அதிகரித்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். கழுத்துத் தமனியின் உட்சுவரில் ஏற்பட்ட கிழிவில் இரத்தம் உறைந்து, நாள்கள் அல்லது வாரங்கள் கழித்துப் பக்கவாதம் ஏற்படலாம். கர்ப்பிணியாக இருந்தால் கருவுக்கும் ஆபத்து உண்டு.

• நினைவிழந்து மூச்சின்றி இருந்தால் உடனே 108 அல்லது 112 எண்ணை அழைத்து, பயிற்சி பெற்றவர் இதயம்-நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.
• நினைவிழந்து, ஆனால் மூச்சு விடுபவராக இருந்தால், தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடித்து ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். கழுத்தைத் திருப்பவோ உலுக்கவோ கூடாது.
• விழுங்குவதில் சிரமம் இருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை தண்ணீரோ உணவோ கொடுக்கக் கூடாது.
• கழுத்து வலிக்காகத் தைலம் தேய்த்து உருவுவதும் சுளுக்கு எடுப்பதும் கூடாது. உள்ளே தமனி கிழிந்திருந்தால் அது பக்கவாதத்துக்கு வழிவகுக்கும்.
• முதல் இரண்டு நாள்களுக்கு அவரைத் தனியாக விடக் கூடாது.

வீடு திரும்பிய பிறகு மூச்சுத் திணறல், குரல் மேலும் மாறுதல், கடும் தலைவலி, முகம் கோணுதல், கை கால் பலவீனம், குழப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் தாமதமின்றி மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாக்கப்பட்டவர் முதியவராயினும் ஆணாயினும் இந்த மருத்துவ அறிவுரைகள் பொருந்தும்.

மருத்துவமனையில் பதிவு

நினைவிழப்பு, பார்வை மாற்றம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், செம்புள்ளிகள், சிறுநீர்க் கழிவு, நரம்பியல் அறிகுறிகள், கழுத்தில் தடம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கழுத்து இரத்தக் குழாய்களுக்கான சிடி ஆஞ்சியோகிராம் பரிசோதனையை வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் காட்டும் அளவு இயல்பாக இருப்பதோ, எக்ஸ்ரே இயல்பாக இருப்பதோ தமனிக் காயம் இல்லை என்பதற்கு உறுதியாகாது.

பரிசோதனையின்போது கணவரோ அவரது குடும்பத்தாரோ உடனிருக்கக் கூடாது. "வழுக்கி விழுந்தார்", "மயங்கி விழுந்தார்" என்ற விளக்கம் உடன் வந்தவரிடமிருந்து வந்தால், பெண்ணைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். எம்.எல்.சி எனப்படும் மருத்துவ-சட்டப் பதிவில், எதனால் நெரிக்கப்பட்டது, முன்னிருந்தா பின்னிருந்தா, எத்தனை முறை, நினைவிழந்தாரா, அப்போது தாக்கியவர் என்ன சொன்னார் என்பவற்றைப் பெண்ணின் சொற்களிலேயே எழுத வேண்டும். பதிவில் "தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்" என்ற பொதுவான வரி மட்டும் இருந்தால், பின்னர் நீதிமன்றத்தில் உயிருக்கு ஆபத்து இருந்ததை நிறுவுவது கடினமாகிவிடும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 7-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணோ அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் மருத்துவமனை சிகிச்சை அளிக்க வேண்டும். குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவாகவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெண்ணுக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

மருத்துவமனையையே உதவியின் முதல் வாயிலாக மாற்றிய முன்மாதிரி மும்பையில் உள்ளது. பாந்த்ராவின் பாபா மாநகராட்சி மருத்துவமனையில், மும்பை மாநகராட்சியும் சேஹத் என்ற ஆய்வு அமைப்பும் இணைந்து தொடங்கிய 'தில்லாசா' மையம், வன்முறைக்கு ஆளான பெண்களைச் சிகிச்சைக்கு வரும் இடத்திலேயே இனங்கண்டு ஆலோசனை வழங்கி வருகிறது.

காவல் நிலையத்தில் கவனிக்க வேண்டியவை

ஆக்சிஜன் இன்றித் தவித்த மூளை, நிகழ்வுகளை வரிசையாகப் பதிவு செய்வதில்லை. எனவே, பாதிக்கப்பட்டவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவதும், "எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை" என்பதும் பொய்யின் அடையாளங்கள் அல்ல; அவையே நினைவிழப்பின் அறிகுறிகளாக இருக்கலாம்.

புகார் மனுவில், நெரித்த முறை, அப்போது ஏற்பட்ட உடல் உணர்வுகள், சொல்லப்பட்ட மிரட்டல் சொற்கள், இதற்கு முன் எத்தனை முறை இவ்வாறு நடந்தது, யார் தடுத்தபோது அல்லது எதனால் கணவர் கையை எடுத்தார் ஆகியவை இடம்பெற வேண்டும். நெரிக்கப் பயன்பட்ட துணி, கயிறு, அறுந்த சங்கிலி, அப்போது அணிந்திருந்த ஆடை ஆகியவற்றைத் துவைக்காமல் வைத்திருக்க வேண்டும். கழுத்து, கண்கள், காதின் பின்புறம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் அன்றும், அடுத்தடுத்த நாள்களிலும் புகைப்படம் எடுப்பது பயன் தரும். கரகரத்த குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பதும் சான்றாகலாம்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவலை, அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம். மின்னணு வழியிலும் அளிக்கலாம். அவ்வாறாயின் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளரையும், அதன் பின்னர் மாஜிஸ்திரேட்டையும் அணுகலாம்.

எந்தச் சட்டப்பிரிவு?

ஒரே செயல் எந்தப் பிரிவின்கீழ் பதிவாகிறது என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கே மாறிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவு, அதாவது சாதாரணக் காயம் விளைவித்தல், அதிகபட்சம் ஓராண்டு சிறைத் தண்டனைக்குரியது. மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் காவல்துறை அதைப் புலன்விசாரணை செய்ய இயலாது. கணவர் அல்லது அவரது உறவினர்களின் கொடுமையைத் தண்டிக்கும் 85-வது பிரிவு, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் நடத்தையும் கொடுமையே என்கிறது 86-வது பிரிவு.

கொலை முயற்சிக்கான 109-வது பிரிவோ பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. அம்முயற்சியில் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். இப்பிரிவில் காயத்தின் அளவு அல்ல, செயலுக்குப் பின்னால் இருந்த எண்ணமும் அறிவும் செயல் நடந்த சூழலுமே முதன்மையானவை. மரணத்தை விளைவிக்கக்கூடிய காயம் ஏற்பட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை என உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர அரசு தொடர்ந்த ஒரு மேல்முறையீட்டில் 1983-ஆம் ஆண்டே தெளிவுபடுத்தியுள்ளது. முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307-வது பிரிவு குறித்த அத்தீர்ப்பு, அதற்கு நிகரான இன்றைய 109-வது பிரிவைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. எல்லா நிகழ்வுகளும் கொலை முயற்சியாகிவிடா என்றாலும், "தழும்பு இல்லை" என்பதை மட்டும் காரணமாகக் கொண்டு அப்பிரிவைத் தவிர்க்க இயலாது. "கொன்றுவிடுவேன்" என்ற சொல், இறுக்கிய நேரம், நினைவிழப்பு ஆகியவை மனுவில் எழுதப்பட வேண்டியதன் தேவையும் இங்கேதான் எழுகிறது.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு இணையாகக் குடிமையியல் பாதுகாப்பைத் தருகிறது. திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்களும் இதன் பயனைப் பெறலாம். கணவர் அணுகக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை மாஜிஸ்திரேட் வழங்கலாம். அவசர நிலையில், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே 23-வது பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறுவது ஓராண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.

பல நாடுகள் கழுத்து நெரிப்பைத் தனிக் குற்றமாகவே அறிவித்துள்ளன. நியூசிலாந்தில் 2018 டிசம்பர் முதல் இதற்கு ஏழாண்டு வரையிலும், இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் 2022 ஜூன் முதல் ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். காயத்தை நிரூபிக்கும் சுமையைக் குறைத்து, செயலையே குற்றமாக்குவதுதான் இச்சட்டங்களின் நோக்கம்.

சமரசத்துக்கு முன் பாதுகாப்பு

குடும்பப் பூசல் என்ற அளவில் இருதரப்பையும் அமர்த்திப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. கழுத்து நெரிப்பு நிகழ்ந்திருக்கும் வழக்கில் இந்த அணுகுமுறை ஆபத்தானது. வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் வாதங்களை ஆலோசனை அமர்வில் எதிர்த்தரப்பு முன்வைக்க அனுமதிக்கக் கூடாது என்றே 2006-ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. புகார் அளித்த மறுநாளும், வீட்டை விட்டு வெளியேறும் நாளும் ஆபத்து மிகுந்தவை என்பதால், அதற்குள் பாதுகாப்புத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். அதற்கான படிவத்தையும் அவ்விதிகளே தந்துள்ளன. அதைத் தயாரித்துக் கொடுப்பது பாதுகாப்பு அலுவலரின் கடமை.

ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனை கொண்ட குற்றங்களில் கைது தானாக நிகழ்வதில்லை. பெரும்பாலும் விசாரணைக்கு ஆஜராகும்படி அறிவிப்பு மட்டுமே அனுப்பப்படுகிறது. ஆகவே, புகார் அளித்த அன்றிரவும் கணவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதைக் கருத்தில் கொண்டு, பெண்ணும் குழந்தைகளும் எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், மருத்துவ அறிக்கை, குழந்தைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். ஆபத்து நேரத்தில் அண்டை வீட்டார் புரிந்துகொள்ளும் ஒரு சொல்லை ஏற்பாடு செய்துகொள்ளலாம். தடுக்க முயலாமல் வெளியே ஓடி உதவி கேட்கும்படி குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாம். உதவி எண்களை அழைத்தபின் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிடுவதும் நல்லது.

பெற்றோரும் உடன்பிறந்தோரும் இதில் ஆற்றும் பங்கு பெரிது. "கழுத்தைப் பிடித்தார்" என்று மகள் தொலைபேசியில் சொல்லும்போது, "கோபத்தில் செய்திருப்பார், பொறுத்துப் போ" என்று பதில் சொல்வது, மேலே கண்ட எச்சரிக்கைகள் அனைத்தையும் புறந்தள்ளுவதாகும். பொறுத்துப் போன பெண் பின்னர் இறந்தால், விசாரணை காலங்கடந்த ஒன்றாகவே அமையும். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் பெண் ஐயத்துக்குரிய முறையில் இறந்தால் பிரேதப் பரிசோதனைக்குச் சட்டம் வழிவகை செய்துள்ளது. தூக்கில் தொங்கியதாகக் கூறப்படும் மரணத்தில், கழுத்துத் தடம் மேல்நோக்கிச் சாய்ந்துள்ளதா, கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி ஓடுகிறதா என்பதைத் தடயவியல் மருத்துவர்கள் ஆராய்ந்து, அது தற்கொலையா கொலையா என்று பிரித்தறிகின்றனர். அந்த ஆய்வு நீதிக்கு உதவும். உயிரைக் காக்கும் வாய்ப்பு, அவர் முதன்முறை சொன்ன நாளில்தான் இருந்தது.

உதவிக்கு அணுக வேண்டிய எண்கள்

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவி மையத்துக்கு 181 ஆகிய எண்களை இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம். தேசிய மகளிர் ஆணையத்தின் உதவி எண் 7827170170. இலவசச் சட்ட உதவிக்குத் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணைத் தொடர்புகொள்ளலாம். 2015-ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வரும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவ உதவி, காவல்துறைத் தொடர்பு, மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றுடன் ஐந்து நாள்கள் வரை தற்காலிகத் தங்குமிடமும் வழங்கப்படுகிறது. எந்த எண்ணை அழைத்தாலும், பேச்சின் தொடக்கத்திலேயே "என் கழுத்தை நெரித்தார்" என்று தெளிவாகச் சொன்னால், ஆபத்தின் அளவை எதிர்முனையில் இருப்பவர் உடனே அறிந்துகொள்ள உதவும்.